தங்கச்சி கவிழ்ந்த சாயங்காலம்

எங்கள் பக்கம் பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தால் அது ஒரு திருவிழா. வருஷம் முழுக்க மணலும் முள்ளுச்செடியுமாகக் கிடக்கிற ஆறு, ஒரு மழைக்கு இரு கரையும் தொட்டு ஓடினால் போதும், விழுப்புரத்திலிருந்து பைக்கில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்துவிடுவார்கள். அணைக்கட்டுச் சுவரில் ஏறி செல்ஃபி எடுப்பார்கள். சுண்டல் வண்டிகூட வந்து சேரும். என் தம்பியும் அப்படித்தான் தண்ணி பார்க்கப் போனான். வழுக்கி விழுந்தான். உடம்பும் கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிகிறவரை அம்மா கரையில் நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை கட்டிப்போன பிறகும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. "அவன்" என்றால் அவன்தான். கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும். எங்களுக்குத்தான் கல்லறை இல்லையே, நாங்கள் அணைக்கட்டுச் சுவரில் ஏற்றிவிட்டு வருவோம். ஆற்றங்கரைக் காற்று அதை உடனே அணைத்துவிடும்.

தங்கச்சி அவனைவிட ஒரு வயசு பெரியவள். பாண்டிச்சேரிக்குப் போய் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு உயிரைத் தண்ணிக்குக் கொடுத்தது போதாதா என்று கத்தினேன். அம்மா மட்டும், "போவட்டும், நல்லா கத்துக்கட்டும்" என்றாள். நீச்சலிலிருந்து துடுப்புப் படகு, அங்கிருந்து வடநாட்டில் பயிற்சி முகாம் என்று தங்கச்சி போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, காதில் ஏதோ சொல்லி அனுப்புவாள். ஜெபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வெளிநாட்டில் நடந்த இளையோர் சர்வதேசப் போட்டிக்கே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கல்யாணமாகித் திண்டிவனத்தில் இருக்கிற நான், போட்டியன்று மதியமே பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, ஷேர் ஆட்டோவில் அம்மா வீட்டுக்குப் போனேன். செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, போட்டியை நேரலையில் பார்க்க நானும் அம்மாவும் அம்மாவின் தம்பியும் உட்கார்ந்தோம். அந்த மாமா கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒத்துக்கொள்ளாதவர்.

எனக்குத் தெரிந்ததை அவருக்கு விளக்கினேன். சீறி வருகிற தண்ணீருக்கு மேலே கம்புகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பச்சை என்றால் ஓட்டத்தோடு நடுவில் புகுந்து போகணும், சிவப்பு என்றால் எதிர்த்து ஏறி வரணும். ஒரு ஜோடியை விட்டுவிட்டால் ஐம்பது விநாடி அபராதம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இதுல ஃபோர் எப்ப அடிப்பாங்க?" என்றார் மாமா.

அவள் வந்தாள். ஹெல்மெட்டுக்குள் சின்னதாகத் தெரிந்த முகம் தம்பி முகமாகவே இருந்தது. அம்மாவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி தூரம் வரை அவள் போன வேகத்துக்கு மாமாகூட விசில் அடித்தார். ஒரு சிவப்புக் கம்புக்கு ஏறும்போது அலை பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்தது. திரையில் படகின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாக மிதந்தது. இடுப்பைப் படகோடு இறுக்கியிருப்பதால் தலைகீழாகத்தான் தொங்கணும். துடுப்பை ஒரு வீச்சு வீசினால் எழுந்துவிடலாம், கண் சிமிட்டுகிற நேரம்தான் என்று அவளே எனக்கு வீடியோ காட்டியிருக்கிறாள். அன்று எழவில்லை.

மாமா ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். அம்மா போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"விட்டுருடா அவள. அக்காடா உனக்கு. விட்டுரு, என் சாமி."

யாரிடம் பேசுகிறாள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நிஜமாகவே பயந்தேன்.

முதலில் துடுப்பு மேலே வந்தது, அப்புறம் அவள். தள்ளாடித் தள்ளாடி மிச்சத்தை முடித்தாள். அந்தச் சிவப்புக் கம்பு விட்டுப்போயிருந்ததால் அவள் பேருக்குப் பக்கத்தில் 50 என்று விழுந்தது.

"அம்பது! அரை சதம் போட்டுட்டா நம்ம பொண்ணு!" என்று மாமா கை தட்டினார். திருத்த எனக்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கச்சியே கூப்பிட்டாள். "தோத்துட்டேன்க்கா" என்று அழுதாள்.

"அத விடு. அவ்ளோ நேரம் உள்ள என்னாடி பண்ணிக்கினு இருந்த? எங்களுக்கு உசுரே போயிடுச்சு."

"கவுந்தா கண்ண மூடிக்கினு ஜல்தியா எழுந்துடணும்னு கோச் திட்டுவாருக்கா. என்னால மூட முடியல." கொஞ்சம் தயங்கினாள். "அம்மாகிட்ட குடு."

ஸ்பீக்கரில் போட்டேன். அடிபட்டதா என்று அம்மா கேட்கவில்லை. கல்யாண வீட்டுக்கு இன்னார் வந்திருந்தாரா என்று விசாரிக்கிற குரலில், "இருந்தானா?" என்றாள்.

"இல்லம்மா. இங்கயும் இல்ல. நல்லா பாத்தேன்."

அந்த "இங்கயும்" எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பழகிய தண்ணியிலெல்லாம் என் தங்கச்சி தலைகீழாகத் தொங்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைத் தேடியிருக்கிறாள். அம்மா அவள் காதில் சொல்லி அனுப்பியதும் அதைத்தான். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும்டி. இனிமே கண்ண மூடிக்க."

சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். ஆறு இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்று, அவன் பேரைச் சொல்லி அழைத்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்த மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போனில் தங்கச்சியின் அழுகை நின்றிருந்தது. "அக்கா," என்றாள், "அம்மா அவன் பேரச் சொல்லியா கூப்புடுது?"

"ஆமாடி" என்றேன்.