தவளை அதிகாரி வீட்டுச் சாக்கடை

தவளை அதிகாரி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அழியும் தறுவாயில் இருந்த ஒரு சின்னத் தவளையைக் காப்பாற்றுவதுதான் அவருக்கு உத்தியோகம். மேசையில் அதன் படம், சுவரில் அதன் படம், டீ குடிக்கிற கோப்பையிலும் அதன் படம். தவளையை மட்டும் அவர் நேரில் பார்த்ததில்லை. சதுப்பு நிலம் அலுவலகத்துக்குப் பின்னாலேயே கிடந்தது. ஆனால் சேறு பட்டால் காலணி என்ன ஆவது? மேடை ஏறினால் மட்டும் தவளைக்காகத் தொண்டை தழுதழுக்கும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் குடியிருந்ததும் சதுப்பின் ஓரம்தான். அந்த மழைக்காலத்தில் சமையலறைக்குப் பின்னால் ஓடிய சாக்கடையில் ஏதோ கூட்டமாகக் கத்தத் தொடங்கியது. டிவியில் செய்தி காதில் விழவில்லை என்று ஐயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"தவளைதானேங்க, கத்திட்டுப் போகட்டும்," என்றாள் மனைவி.

"தவளையப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா? இது வெறும் சாக்கடைத் தவளை."

ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். பிறகு நிம்மதியாகச் செய்தி பார்த்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் கூட்டம். ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண் முகம் வாடி நின்றாள்.

"சார், இந்த வருஷம் சதுப்புல ஒரு சத்தம்கூட இல்ல. இங்க விட்டா இது உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பழைய பதிவு ஒண்ணு போடறேன். எங்கயாவது இதக் கேட்டா சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு கிடைச்சாலும் போதும், இனமே அத்துப்போச்சுன்னு எழுத வேண்டாம்."

போட்டாள். ஐயாவின் டிவி செய்தியைக் கெடுத்த அதே சத்தம்.

மனுஷனாக இருந்தால் அங்கேயே வாயைத் திறந்திருப்பார். இவருக்கோ, தப்பிப் பிழைத்த ஒன்றை யாராவது அந்தச் சாக்கடையில் பார்த்துத் தொலைத்தால் தன் நாற்காலி என்ன ஆகும் என்றுதான் கவலை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பினார். பக்கத்துக் கடையில் பவுடர் வாங்கினால் பேச்சாகும் என்று ஊர்க்கோடிக் கடைவரை போனார். அதில்தான் கோட்டை விட்டார்.

அதற்குள் அந்தப் பெண் வீடு வீடாகப் போய் போனில் சத்தத்தைக் கேட்க வைத்திருக்கிறாள். அதிகாரியின் மனைவி கேட்டதுமே அவள் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போய்விட்டாள். அவர் வந்து சேர்ந்தபோது இருவரும் சாக்கடையோரம் குந்தியிருந்தார்கள். உடைந்த குழாய்க்குள் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"இருக்கு சார்!" அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

மனைவி அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "போன வாரம் ஊத்தினது பத்தலையா? இந்த ஒண்ணையும் முடிச்சிடலாம்னு வந்தீங்களா?"

அந்தப் பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது.

ஐயா அசருகிற ஆளா? அந்தப் பெண் மேலிடத்துக்குப் புகார் எழுதி முடிப்பதற்குள், மறுநாள் காலையிலேயே காமிராக்காரர்களைக் கொல்லைக்கு வரவழைத்தார். "என் வீட்டுலயே வச்சுக் காப்பாத்தினேன்," என்று தொண்டை தழுதழுத்தார். படத்துக்கு மனைவியைக் கூப்பிட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் தவளை விடாமல் ஜோடியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கேட்டு வர வேண்டியவற்றை எல்லாம் அவர் போன வாரமே கொன்றிருந்தார்.