மழையில் நனைந்த பாட்டு அட்டை

சூட்டி, நீ போய்விட்டாய் என்ற செய்தி வந்தபோது நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்துவிட்டு, சிரட்டைகளில் பால் சொட்டுவதைப் பார்த்தபடி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து ஒரு கூவல் கேட்டது. எங்கள் தோட்டத்து மலையில் கூவினால் மழை வருகிறது, பாலை எடுங்கள் என்று அர்த்தம். மழை விழுந்தால் சிரட்டைப் பால் தண்ணீரோடு வழிந்து போய்விடும். இருபது வருசப் பழக்கம். வானத்தைக்கூடப் பார்க்காமல் ஆறு மரத்துப் பாலை வாளியில் ஊற்றிவிட்டேன். ஏழாவது மரத்தடியில்தான் முகத்தில் வெயில் அடித்தது. அந்தக் கூவல் மழைக்கு இல்லை, உனக்கு.

கருமாதிக்கு அச்சடிக்கிற தாளில் சூட்டியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல என் மகள் கௌசி எழுதுகிறாள். தமிழில்தான் எழுதுகிறாள். அதுவும் சூட்டியால் வந்ததுதான்.

அவள் பேர் நாகேஸ்வரி என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சின்னதாகப் பிறந்தாள் என்று பக்கத்துச் சிங்கள வீட்டு அம்மா சூட்டி, அவர்கள் பேச்சில் சின்னவள், என்று கூப்பிட்டதாம். நாற்பத்தொரு வயதிலும் அதே பேர், ஏறக்குறைய அதே உயரம். லயத்து வீட்டு வரிசையில் அவள் காம்பரா எனக்குப் பக்கத்து அறை, மலையில் எனக்குப் பக்கத்து மர நிரை. மழையை எங்கள் எல்லாருக்கும் முன்னால் அறிகிறவள் அவள்தான். நல்ல வெயிலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுக் கூவுவாள். நாங்கள் சிரித்துக்கொண்டே வாளியை எடுப்போம். கடைசி மரத்துக்குப் போவதற்குள் தூறல் விழும். அவள் மரத்துப் பால் ஒரு நாளும் மழையில் போனதில்லை.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது எல்லாரும் அவள் நகையைப் பார்க்கப் போனோம். அவள் கொண்டுவந்தது பாட்டுப் பெட்டி. கரோக்கி போடுகிற பெரிய ஸ்பீக்கர், இரண்டு மைக். "இதையா தூக்கிட்டு வந்த?" என்று கேட்டேன். "அங்க ரெண்டு வருசம் வாயே தொறக்கலக்கா. இனிமே கத்தப் போறேன்" என்றாள்.

கத்தத்தான் செய்தாள். அவளுக்குப் பாட வராது. சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைமடுவம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். அதன் வாசலில் பெட்டியை வைத்து அவள் தொடங்கினால் லயத்து நாய்கள் எழுந்து போகும். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வருவார்கள். குரல் உடைகிற வயது, கூச்சப்படுகிற வயது. அவர்களுக்கு மைக்கைக் கொடுக்கும் முன் அவள் ஒரு பாட்டைப் பாடிக் கெடுப்பாள். "மொதல்ல நான் கெடுத்து வைக்கிறேன். அதுக்கு மேல நீ எவ்வளவு கெடுத்தாலும் யாருக்கும் தெரியாது" என்பாள்.

பாட்டுத் தேர்ந்தெடுப்பதிலும் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. "றக்வான ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறுற பாட்டு வேணாம். யட்டியாந்தோட்டைக் கடைத்தெரு மாதிரி சமமாப் போற பாட்டு எடு. மூச்சு வாங்குனா நாம நிக்கலாம், பாட்டு நிக்காது." மெதுவாகப் போக வேண்டும், நாலே வரி இருக்க வேண்டும், அதிலும் இரண்டு வரி திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்படிப் பொறுக்கி எடுத்த பாட்டுகள் அவள் போனில் தனியாக இருந்தன.

என் மகள் மட்டும் போகவில்லை. அதற்கு முந்தின வருசம் ஒரு சடங்கு வீட்டில் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். டிவியில் எழுத்து ஓடியது. இவள் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். சொந்தக்காரப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட இவள் குரல் வெளியே வராது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். எனக்கு அதுதான் கவலை. பாடாவிட்டால் போகட்டும். வாயே திறக்காத பிள்ளை நாளைக்கு எப்படிப் பிழைக்கும்?

ஒரு நாள் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன சூட்டி, குடம் நிரம்பாமலே ஓடி வந்தாள்.

"அக்கா, ஒங்க மகளுக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. பீலியில துணி தொவைச்சுக்கிட்டு முழுப் பாட்டும் பாடுறா. கண்ணுலதான் முட்டுது. தமிழ் எழுத்து ஓடுற வேகத்துக்கு அவளால வாசிக்க முடியல."

எனக்குச் சுருக்கென்றது. தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம், பஸ்ஸில் அனுப்பப் பயம் என்று பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் போட்டது நான்தான். "அப்ப எம்மேலதான் குத்தமா?" என்று சண்டைக்கு நின்றேன்.

"குத்தம் யாரு கேட்டா? ஒரு அட்டைப்பெட்டி இருந்தாக் குடுங்க" என்றாள்.

அட்டைப்பெட்டியைக் கிழித்து, நீல மையில் தமிழ்ப் பாட்டு முழுவதையும் கௌசிக்குத் தெரிந்த சிங்கள எழுத்தில் எழுதினாள். கௌசி முதல் தடவையாகப் பிள்ளைமடுவத்து வாசலில் அட்டையைப் பார்த்துப் பாடினாள். மைக் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஆனால் பாடினாள். மூன்று ஞாயிறு போனதும் சூட்டி அம்மன் கோயில் திருவிழாவில் அவள் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் திட்டினேன். "நான் கீழ நின்னு அட்டையத் தூக்கிப் பிடிக்கிறேங்க்கா. அவ என்னைய மட்டும் பாத்தாப் போதும்" என்றாள்.

திருவிழா அன்றைக்கு மத்தியானப் பூசை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கொட்டகைக்குள் ஓடினோம். மழை விட்டு கௌசியின் பேரைக் கூப்பிட்டபோதுதான் அட்டை ஞாபகம் வந்தது. அது வெளியே, லைட் கம்பத்தில் சூட்டி சாய்த்து வைத்தபடியே இருந்தது. எழுத்தெல்லாம் கரைந்து முழு அட்டையும் நீலம்.

"சித்தி, ஒண்ணுமே இல்ல" என்றாள் கௌசி.

"போனாப் போகுது. ஒனக்கு மனப்பாடமா இருக்குல்ல?"

"இல்ல."

"அப்ப பீலியில பாடுனது யாரு, பேயா? ஏறு மேல."

ஏறினாள். இசை தொடங்கியது, பாட வேண்டிய இடம் வந்தது, போனது. இவள் வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது கீழே இருந்து ஒரு குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். சூட்டி அந்த நீல அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னவோ எழுதியிருக்கிற மாதிரி அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, தன் கழுதைக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். கோயில் முற்றமே சிரித்தது. மேடையைப் பார்த்தால் கௌசியும் சிரிக்கிறாள்.

"ஐயோ சித்தி, அப்படி இல்ல" என்று மைக்கிலேயே சொன்னாள். லயம் முழுக்கக் கேட்டது. எப்படி என்று காட்டுவதற்காகவே சரியாகப் பாடினாள். நிற்கவில்லை. நாலு வரியும், திரும்ப வருகிற இரண்டு வரியும். தேத்தண்ணிக் கடை முதலாளி "ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் பாராட்டி விசிலடித்தார். சூட்டியின் கன்னத்தில் நீல மை வழிந்திருந்தது. அதைத் துடைக்கவும் மறந்து கைதட்டினாள்.

அதற்குப் பிறகு அட்டை தேவைப்படவில்லை. எழுத்து ஓடும்போது வாசிக்க வேண்டும் என்று கௌசியே சூட்டியிடம் தமிழ் எழுத்துச் சொல்லித்தரக் கேட்டாள். போனில் பாட்டை நிறுத்தி நிறுத்தி இரண்டு பேரும் வாசித்தார்கள். அப்படி வந்த எழுத்துத்தான் இது.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் இருந்து தலையை நீட்டி, "ஞாயித்துக்கெழம வந்துருவேன், பெட்டியச் சார்ஜ்ல போட்டு வைங்க" என்றாள். போட்டு வைத்தேன். போன ஞாயிறு பிள்ளைகள் வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். கௌசி மைக்கை எடுத்து, நன்றாகப் பாடத் தெரிந்த பாட்டை வேண்டுமென்றே கெடுத்துப் பாடினாள். நாய்கள் எழுந்து போயின. அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

பாட்டுப் பெட்டி பிள்ளைகளுக்கு. எனக்கு அந்த நீல அட்டை போதும். காம்பராச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பும்போது கதவடியில் நின்று அதைப் பார்ப்பேன். பிறகு வானத்தைப் பார்ப்பேன். அப்போதெல்லாம் இது ஒன்றுதான் மனதில் வருகிறது.

சூட்டி, வெயிலிலேயே மழையை மோந்து பிடிக்கிறவள் நீ. ஒரு சிரட்டைப் பாலைக்கூட மழைக்கு விடாதவள். அன்றைக்கு மட்டும் அந்த அட்டையை ஏனடி வெளியே வைத்தாய்?