தண்டையலின் சுறுமாக் கண்

சாய்ந்தமருதுத் தண்டையல் ஸைனுலாப்தீனின் போட் ஒரு தடவை ஆழ்கடலில் திமிங்கிலத்தின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கியது. ஒரு கையில் சுக்கான், மறு கையில் பிளேன்டித் தேநீர், ஒரு சொட்டும் சிந்தவில்லை. சரி, திமிங்கிலம் கொஞ்சம் கூடிப்போனதுதான், ஒத்துக்கொள்ளலாம். பிளேன்டியில் பொய் இல்லை. முப்பது வருடம் தண்டையலாகப் போட் ஓட்டியவருக்கு எந்தக் காற்றிலும் தலை சுற்றியதில்லை.

தரைதான் பகை. வேனில் ஏறி அம்பாறை தாண்டினால் போதும், முகம் வெளிறி வாழைத்தண்டாகிவிடும். அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஜெனூபாவுக்கு நிக்காஹ், கண்டிக்கும் அப்பால், மாப்பிள்ளை ஷிப்லியின் ஊர்ப் பள்ளிவாசலில் என்று முடிவாயிற்று. இடையில் மஹியங்கனைப் பதினெட்டு வளைவு. மகளின் சார்பில் 'வலி' என்னும் பொறுப்பாளராக உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "நிக்காஹ் செய்து தந்தேன்" என்று சொல்ல வேண்டியவர் வாப்பா. அந்த வார்த்தையை வேறு எவர் வாயாலும் சொல்லவிட அவர் தயாரில்லை.

ஆகவே ஒருவரிடமும் கேட்காமல் போனில் தேடி, பயணத்தில் தலை சுற்றாமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற மருந்தொன்றை வரவழைத்தார். ஐந்து நட்சத்திரம், எண்ணாயிரம் பேர் வாங்கியதாம். பெட்டியில் சிரிக்கிற கப்பலொன்று இருந்தது. மருந்தின் பெயர்தான் எங்கேயும் இல்லை.

நிக்காஹுக்கு முதல் நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, காதுக்கு ஒன்றாக இரண்டை ஒட்டினார்.

"ஒண்டு போதாதா?" என்றாள் மனைவி றஹீமா.

"ஒரு பக்கம் பாரம் கூடினா போட் சரியும் புள்ள. ரெண்டு பக்கமும் சமமா இரிக்கணும்."

ஒட்டிய கையைக் கழுவவில்லை. கண்ணுக்கு மையிடும் சுறுமாக் குச்சி பயணப் பெட்டிக்குள் போய்விட்டதால், அதே விரலால் வலது கண்ணில் சுறுமா இழுத்தார். இடது கண்ணுக்குப் போகுமுன் வேன்காரன் ஹோன் அடித்துவிட்டான்.

மஹியங்கனை வருமுன்பே நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் சொக்கியது. திடீரென்று நிமிர்ந்து, "நங்கூரத்தப் போடுங்கடா, கல்லு தெரியிது!" என்று வேன்காரனுக்குக் கட்டளையிட்டார்.

"அல்லாஹ்வே, இவருக்கு என்னமோ ஆயிட்டு!" றஹீமா அலறினாள்.

மகளின் சிநேகிதி, காரைதீவுச் சுஜித்தா, ஆஸ்பத்திரி நேர்ஸ். கல்யாணத்துக்கென்று கூடவே வந்தவள். திரும்பிப் பார்த்தாள். இடது கண் எப்போதும்போல. வலது கண்ணின் கருமணியோ விரிந்து, ஐந்து ரூபாக் குற்றி அளவில் நின்றது.

"அங்கிள், காதுக்குப் பின்னால என்ன அது?"

வேனை நிறுத்தி, இரண்டையும் உரித்தெறிந்து, அவர் கையையும் காதடியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். கண்ணைப் போத்தல் தண்ணீரால் அலசினாள். பிறகு பெட்டியைப் புரட்டினாள்.

"உள்ளுக்கு என்ன மருந்தெண்டே எழுதல்ல. சிலதுல வெறும் இஞ்சியும் புதினாவும்தான். வேலை செய்யுமெண்டு ஆரும் உறுதி சொல்லேலாது. சிலதுல டொக்டர் எழுதித் தாற மருந்து இருக்கும். அது வாயைக் காயவைக்கும், மூளையைக் குழப்பும். கண்ணில பட்டா இப்பிடித்தான் விரியும். அதையும் ஒரு காதிலதான் ஒட்டுறது."

"எண்ணாயிரம் பேர் வாங்கி இரிக்காங்க மகள்."

"அவங்கட கண்ணையும் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

ஒரு கண் மட்டும் விரிந்தால் நாமாக முடிவெடுக்கக் கூடாது என்று வழியிலிருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். டொக்டர் சோதித்து, பின்னேரம் வரை படுக்கவைத்தார். ஒட்டிய மருந்தின் வேலைதான், ஓரிரு நாளில் கண் பழைய நிலைக்கு வரும், கண் நொந்தால் உடனே வர வேண்டும் என்று துண்டெழுதிக் கொடுத்தார்.

இனி வளைவு. சுஜித்தா அவரை டிரைவருக்குப் பக்கத்தில் இருத்தினாள். "போட்டில தூரத்தைப் பாத்துத்தானே ஓட்டுறீங்க? வேனில பின்னுக்கிருந்து போனைப் பாத்தாச் சுத்தாம என்ன செய்யும்? றோட்டைப் பாருங்க."

மறுநாள் காலை புத்தி தெளிந்திருந்தது. கண்தான் இன்னும் அடங்கவில்லை. பள்ளியில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொண்ட வாப்பா போதைத் தூள் பாவிக்கிறாரோ?" என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. நிக்காஹ் பதிவுகாரர் பேனாவை மூடிவிட்டார்.

ஸைனுலாப்தீன் சட்டைப் பையிலிருந்து டொக்டரின் துண்டை எடுத்து நீட்டினார். பதிவுகாரர் அதை இரண்டு தரம் வாசித்தார். புத்தி சரிதானா என்று பார்க்க அன்றைய திகதியைக் கேட்டார், மாப்பிள்ளை கொடுக்கும் மகர்த் தொகையைக் கேட்டார், மகளின் முழுப் பெயரைக் கேட்டார். ஒன்றும் பிசகவில்லை. பேனா திறந்தது. ஷிப்லியின் கையைப் பிடித்து, காற்றுக்கு மேலால் ஆணையிடும் அந்தக் குரலில், அவர் தம் வார்த்தையைச் சொல்லி முடித்தார். முணுமுணுத்தவரே முதலில் கைகொடுத்து முஸாபஹா செய்ய வந்தார்.

பகலில் மாப்பிள்ளை வீட்டில் ஒரே தட்டில் கூடி உண்ணும் சஹன் சோற்றைச் சுற்றி எல்லோரும் அவர் கதையைத்தான் கேட்டார்கள்.

"பேரில்லாத மருந்த நம்பாதீங்க," என்றார் ஸைனுலாப்தீன், நெஞ்சை நிமிர்த்தி. "நான் ஒண்டுமே ஒட்டாம, பதினெட்டு வளைவையும் ஒரு வாந்தி, ஒரு சத்தி இல்லாமத் தாண்டி வந்தன்!"

வாசலில் நின்ற கல்யாணப் பெண் முக்காட்டை விலக்கினாள்.

"ஏழாவது வளைவுல ஒண்டு, பதினோராவதுல ஒண்டு வாப்பா. ரெண்டாவது என்ட கலியாணச் செருப்புப் பைக்குள்ள."