கல் லாரியில் ஒரு சுற்று

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. தூத்துக்குடியை ஒட்டிய ஒரு சின்னக் கடற்கரை ஊரில் அப்போது குடியிருந்தோம். ஊர் பெயர் வேண்டாமே. கடலுக்குள் அலையைத் தடுக்கும் சுவர் போடுவதற்காகப் பாறாங்கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் பகல் முழுக்க எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். போதாததற்கு உப்பு லாரிகள் வேறு.

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயலும் வாய்க்காலுமாக இருந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். மாட்டு வண்டிக்கு ஒதுங்கித்தான் எனக்குப் பழக்கம். வந்த புதிதில் அந்த ரோட்டைத் தாண்டவே பயமாக இருக்கும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டு அக்காதான். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். அக்காவின் வீட்டுக்காரர் கொழும்புக்குத் தோணியில் போய்வருகிறவர். அவர் கரையில் இருக்கும் நாட்கள் குறைவு என்பதால் அக்காவுக்கு எல்லாவற்றையும் தானே முன்னால் நின்று செய்து பழக்கம். பிறருக்கும் சேர்த்துச் செய்வார்கள்.

எங்கள் தெரு ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு உப்பு குடோன். அதன் மதில் மூலையில்தான் ரோடு வளைந்து திரும்பும். மதிலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேலே முள் நிறைந்த உடைமரங்கள் அடர்ந்து கிடந்தன. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தண்ணீர்க் குழாயும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆடி மாதக் காற்றில் புழுதி கிளம்பிவிட்டால் லாரி வரும் சத்தம்கூடக் காதில் விழாது.

அப்படி ஒரு சாயங்காலம், நான் குழாயடியில் குடத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிறேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படித்த என் மகளும் அதில் ஒருத்தி. வளைவில் ஒரு கல் லாரி திரும்பியது. பிரேக் பிடித்த சத்தமும் உள்ளே பாறைகள் உருண்டு மோதிய சத்தமும் சேர்ந்து கேட்டன. புழுதி அடங்கியபோது என் மகள் லாரியின் மூக்குக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். புத்தகப்பை சக்கரத்துக்கு அடியில். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. அழக்கூட இல்லை, பையை எடுத்துத் தரச் சொன்னாள்.

அவளை வாரி எடுத்தது எப்படி என்று இன்றைக்கும் நினைவில்லை. அதற்குள் கூட்டம் கூடி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டது. இரண்டு மூன்று அடியும் விழுந்துவிட்டது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நேரத்தில் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

“அடிச்சு என்னய்யா ஆவப் போவுது? அவன் பிரேக்க மிதிச்சதுனாலதான பிள்ள உசுரோட நிக்கி” என்றார்கள்.

அடித்த கைகள் இறங்கின. அந்த ஆள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டார். அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, என் குடத்தைத் தூக்கி அதிலிருந்தே அவர் கையில் ஊற்றினார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவனுக்கு என் குடத்துத் தண்ணீரா என்று, அன்று முழுவதும் அக்காவோடு நான் பேசவில்லை. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ராத்திரிக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவர் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்து ஆள். ஓலைப்பெட்டியில் சில்லுக்கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் மரியாதைக்கு உட்காரச் சொன்னார். நான் வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் மகளோ எந்தக் கூச்சமும் இல்லாமல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கருப்பட்டியைத் தின்ன ஆரம்பித்துவிட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கமாகப் பார்த்துத்தான் சொன்னார்: “அந்த முக்குல வண்டி திரும்புத வரைக்கும் எனக்கு ரோடே தெரியாது தங்கச்சி. தெனமும் சாமிய நெனச்சுக்கிட்டுத்தான் திருப்புதேன்.”

தப்பித்துக்கொள்ளச் சொல்லுகிற பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் போன பிறகு நான் அதைச் சொன்னதும், அக்கா அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்த உடைமரங்களை வெட்டி மதில் மூலையைத் தணித்தால் என்ன, ரோட்டில் ஒரு மேடு போட்டால் என்ன, இதைக் கேட்க வேண்டிய இடம் பஞ்சாயத்து போர்டு ஆபீஸ்தானே என்று என்னை விடவில்லை. மறுநாள் தெருப் பெண்களில் ஏழெட்டுப் பேர் மனு எழுதிக்கொண்டு கிளம்பினோம். மனுவை எழுதியது நான். அக்காவுக்குப் பேச்சுதான் வரும், எழுத்து வராது.

ஆபீசில் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த ரோடு தங்களுடையது அல்ல, ஹைவேஸ்காரர்களுடையது என்றார்கள். ஹைவேஸ்காரர்களிடம் போனால், மதிலும் மரமும் ஊருக்குள் இருப்பதால் பஞ்சாயத்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். இப்படி நடையாய் நடந்ததில் எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “வாளா, இன்னொரு எட்டு போயிட்டு வந்துருவோம்” என்பார்கள். கடைசியில் எங்கள் வார்டு மெம்பர் இரக்கப்பட்டு, பஞ்சாயத்துக் கூட்டத்தில் விஷயத்தை எடுக்கிறேன், அதற்கு முன்னால் ஓவர்சியர் வந்து பார்த்து ஒரு அறிக்கை எழுதட்டும் என்றார்.

ஓவர்சியர் வந்தார். நல்ல மனிதர். வயதானவர். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்தார். ஆனால் அவர் வந்தது முன்மதியம். பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள். என்னவோ அன்று லாரிகளும் அதிகம் வரவில்லை. காற்றுகூட அடங்கிக் கிடந்தது. இதைவிட அமைதியான இடம் உலகத்திலேயே இல்லை என்பது போல இருந்தது அந்த வளைவு. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

தான் எதை வைத்து எழுதுவது என்று அவர் தயக்கமாகக் கேட்டார். மதிலைத் தணிக்கச் சொன்னால் குடோன்காரர் சும்மா இருக்க மாட்டார், கூட்டத்தில் கேள்வி வரும், இந்த இடத்தில் இதுவரை உயிர்ச்சேதம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லையே அம்மா என்றார்.

அக்கா கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்கள்: “செத்த பொறவு வாரதுக்கு எங்க மாதா கோயில்ல சாமியார் இருக்காரு சார். நீங்க அதுக்கு முந்தி வரணும்லா.”

ஓவர்சியர் குடையை மடக்கினார். ஆனாலும் அதற்கு மேல் என்ன செய்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லை இறக்கிவிட்டு, துறைமுகத்திலிருந்து வெறும் வண்டியாக அதே டிரைவர் வந்தார். அக்கா நடு ரோட்டில் நின்று கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்கள். அவர் பதறிப்போய் இறங்கினார், மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று. அக்கா விஷயத்தைச் சொன்னதும், சாரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வரலாம், வந்து பார்த்தால் தெரியும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஓவர்சியர்தான் கல் லாரியைப் பார்த்தார், தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், அசையவில்லை.

அக்கா யோசிக்கவே இல்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்கள். ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குக் கையை நீட்டினார்கள். “ஏறுளா.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிறந்த ஊரில் இருந்தால் இப்படி ஒரு காரியத்தைக் கனவிலும் செய்திருக்க மாட்டேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டு பெண்கள் ஏறிய பிறகு ஓவர்சியரால் கீழே நிற்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஏறினார். கிளம்புவதற்கு முன், தெருப் பெண்களைப் பிள்ளைகள் கடக்கிற இடத்தில் ரோட்டோரமாக நிற்கும்படி அக்கா சொல்லி வைத்தார்கள்.

கொஞ்ச தூரம் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு, கல் ஏற்றிவரும் திசையிலிருந்து மெதுவாக வந்தோம். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து நான் எதையும் பார்த்ததில்லை. முதலில் கடல் தெரிந்தது, உப்பளத்து வெள்ளைக் குவியல்கள் தெரிந்தன, கோயில் கோபுரத்துச் சிலுவை தெரிந்தது. உயரத்தில் இருப்பவனுக்கு எல்லாமே தெரியுமே, பிறகு ஏன் கவனிக்க மாட்டேன் என்கிறான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு குடோன் மதில் வந்தது. உடைமரக் கிளைகள் கண்ணாடியை உரசின. என் தெரு எங்கே, நான் தினமும் தண்ணீர் பிடிக்கிற குழாய் எங்கே என்று தேடுகிறேன், ஒன்றும் இல்லை. முன்னால் பானெட், பக்கத்தில் முள், அவ்வளவுதான்.

டிரைவர் பக்கம் திரும்பினேன். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்னால் அவருடைய உதடு அசைந்தது. எதிரே ஒட்டியிருந்த திருச்செந்தூர் முருகன் படத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார். யாருக்காகவும் செய்தது போல இல்லை. நாங்கள் உட்கார்ந்திருப்பதே அப்போது அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டி திரும்பியது. எங்கிருந்தோ முளைத்தது போல தெருப் பெண்கள் அத்தனை பேரின் முகமும் பானெட்டுக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் நின்றன. நடந்துவருகிற வேகத்தில்தான் வந்தோம். அப்படியும் அக்கா “மாதாவே” என்று என் தொடையைப் பிடித்து அழுத்தினார்கள். ஓவர்சியர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார், விடவில்லை.

“இன்னொரு தடவ போவோம்” என்றார் அவர்.

இரண்டாவது சுற்று முடிந்து இறங்கியதும் டேப்பை எடுத்து அவரே அளக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு முனையை டிரைவர் பிடித்துக்கொண்டார். முள் கிழித்த வேட்டியோடு அவர் அந்த வெயிலில் அளந்ததைப் பார்த்து, அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்க் குசினியிலிருந்து பானகம் கரைத்து எடுத்துவந்தார்கள். டிரைவருக்கு நான்தான் டம்ளரைக் கொடுத்தேன். “குடிங்க அண்ணாச்சி” என்றேன். முள் கையில் கிழித்துவிட்டதா என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச்சு நீண்டது என்று மெம்பர் வந்து சொன்னார். குடோன்காரர் ஆட்சேபித்தாராம். ஓவர்சியர் தன் அறிக்கையைப் படிக்காமல், அந்த லாரியில் தான் போய்வந்ததை அப்படியே எழுந்து சொல்லியிருக்கிறார். சில மாதங்கள் இழுத்தாலும் காரியம் நடந்தது. உடைமரங்களை வெட்டினார்கள். மதில் மூலையை இடுப்பு உயரத்துக்குத் தணித்தார்கள். ரோட்டில் இரண்டு மேடு போட்டார்கள். பிள்ளைகள் கடக்கும் இடம் என்று ஒரு போர்டும் வைத்தார்கள். முதல் காற்றுக்கே அந்தப் போர்டு சாய்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்திருந்த அக்காவின் வீட்டுக்காரர் தோணிக் கயிற்றால் அதை இழுத்துக் கட்டிய கட்டு, நாங்கள் அந்த ஊரை விட்டு வரும்வரை அவிழவில்லை. குழாயை இந்தப் பக்கம் மாற்றித் தரவேண்டும் என்று மனுவில் கேட்டிருந்தோமே, அது மட்டும் நடக்கவே இல்லை.

துறைமுக வேலை முடிகிற சமயத்தில் லாரிகளை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அந்த டிரைவர் அண்ணாச்சி சொல்லிக்கொண்டு போக வந்தார். அன்று நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறினேன். அக்காவும் வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு வை என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டைப் பாடிக் காட்டினாள். போகும்போது அவள் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

அக்கா கை நீட்டி என்னை அந்த லாரியில் ஏற்றாமல் இருந்திருந்தால், எங்களைப் போலவே அந்த வளைவுக்குப் பயந்துகொண்டிருந்த ஒரு நல்ல மனிதரை, என் பிள்ளையைக் கொல்ல வந்தவர் என்றே இந்த வயதுவரை நினைத்துக்கொண்டு இருந்திருப்பேனே என்று இப்போதும் மனசு திடுக்கிடுகிறது.