பாடத்திட்டத்தில் ஓர் ஏரி

"பாடம்லாம் மேலேருந்து வர்றதும்மா. நீ இன்னா போயி மாத்தப் போற?" என்று கேட்டார் அப்பா. திருப்புட்குழியில் நிலத்தை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை வைத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாடத்திட்டம் மழை மாதிரி மேலிருந்து விழுவது என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

நேற்று எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவி, ஏரியிலிருந்து எடுத்துவந்த வேலம்பாசி ஜாடியைக் கவிழ்த்துவிட்டாள். அந்தச் சேற்று வாசனையில்தான் இந்தப் பழைய நினைவெல்லாம் கிளம்பியது.

நான் தாவரவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. துறைத் தலைவருக்கு மஞ்சள் காமாலை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கு அவருக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். கரி எஞ்சின் ரயிலில் போய் இறங்கியபோது என் மஞ்சள் சேலை சாம்பல் நிறமாகியிருந்தது. எடுப்பாகத்தான் இருந்தது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அங்கே பார்த்தால், மேசையைச் சுற்றிச் சில பெரியவர்கள், நடுவில் ஒரு தட்டு போண்டா. பட்டப்படிப்பு இப்படித்தான் தயாராகிறது! பூஞ்சைகளை முதல் ஆண்டில் வைப்பதா, இரண்டாம் ஆண்டிலா என்று காலை முழுக்கச் சண்டை. சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் குழுத் தலைவர், "அடுத்தது, செடிகொடி பார்க்கப் போற பத்து நாள் மலைப் பயணம். இனிமே கட்டாயம். வராதவங்களுக்குப் பட்டம் கிடையாது. சரிதானே?" என்று காகிதத்தைப் புரட்டினார். எல்லாத் தலையும் ஆடியது. என் வாயில் பாதி போண்டா.

நான் படித்தபோது அது விருப்பமிருந்தால் போகும் பயணம். "பத்து நாள் வெளியூரா? பட்டமே வாணாம், வூட்ல இரு" என்று அப்பா சொல்ல, போகாமலே தேறினேன். இப்போது நான் பாடம் நடத்திய வகுப்பிலோ பாதிப் பேர் தறிவீட்டுப் பெண்கள். பட்டு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவர்கள். மலை கட்டாயம் என்றால் மறுநாளே படிப்பை நிறுத்திவிடுவார்கள்.

போண்டாவை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

"ஐயா, எங்க பொண்ணுங்களை வீட்ல அனுப்ப மாட்டாங்க. பக்கத்துல தென்னேரி ஏரி இருக்குது. அஞ்சாறு தடவை காலைல போயி சாயங்காலம் வந்துடலாம். அதுக்கும் மார்க் குடுங்க."

"பட்டத்தையும் ஏரிக்கரையிலயே குடுத்துடலாமா?" என்றார் தலைவர். ஒரே சிரிப்பு.

"குடுங்க ஐயா. கேள்வி கேளுங்க, பதில் தெரியலைன்னா ஃபெயில் போடுங்க."

மலைப் பயணத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்த பேராசிரியர் ஒருவர் எனக்கு எதிரில்தான் இருந்தார். "உங்க வீட்டுப் பொண்ணைப் பத்து நாள் அனுப்புவீங்களா, ஐயா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்லயா... அது கொஞ்சம் யோசிக்கணும்மா."

இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. பாடத்திட்டத்தில் மலைப் பயணத்துக்குக் கீழே 'அல்லது உள்ளூர் நீர்நிலை ஆய்வு' என்று ஒரு வரி சேர்ந்தது. ஊருக்கு வந்து பெருமையாகச் சொன்னால், அப்பாவுக்கு வேறு கவலை: "மேல இருக்கறவங்களும் போண்டாதான் துன்றாங்களா?"

அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் முழங்கால் சேற்றோடு பட்டம் வாங்கினார்கள். இந்த வருடம் ஏரிக்குப் பெயர் கொடுக்க ஒருத்திகூட இல்லை. தென்னேரியிலிருந்து வரும் பெண்ணே முகம் சுளித்தாள்.

"எங்க ஊரு எருமையே தெனம் அங்கதான் மேடம் போவுது. எங்களுக்கு மலை வேணும். கூட லேடீஸ் டீச்சர் வந்தா வீட்ல அனுப்பறாங்களாம்."

இப்போது அந்தக் குழுவில் நானும் உறுப்பினர். சென்ற கூட்டத்தில் ஏரி வரியை எடுத்துவிடச் சொன்னேன். "நீங்க சண்டை போட்டு வாங்கினதாச்சேம்மா!" என்றார்கள். அதன் இடத்தில் 'பெண் ஆசிரியர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்' என்று எழுத வைத்தேன். தாவரவியல் நடத்தும் நான் இதுவரை ஒரு மலையும் ஏறியதில்லை. உடன் செல்ல என் பெயரைக் கொடுத்து, கான்வாஸ் ஷூவும் வாங்கியாகிவிட்டது.