ஒரு கதவுக்கு மட்டும் வேக்ஸ்

என் வீட்டுக்காரருக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்த வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையிலேயே எங்களுக்குள் சண்டை. எதற்கு? காருக்குப் போடுகிற பாலிஷுக்கு!

மந்தைவெளியில் எங்கள் சந்து. பட்டினப்பாக்கத்துக் காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் அப்பிவிடும். சும்மா விட்டால் கார் கதவு ஓரமெல்லாம் துருதான். அந்த டாக்ஸியை ஓட்டித்தான் அவர் எங்களுக்குச் சோறு போட்டார். மாதம் தவறாமல் டப்பா வேக்ஸ் பாலிஷை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார், காயவிடுவார், பிறகு முகம் தெரிகிற வரைக்கும் துடைப்பார். என்னை ஒரு நாளாவது இப்படிக் கவனித்திருப்பாரா இந்த மனுஷன் என்று எனக்கு வயிறு எரியும்.

இப்போது அந்த வலது கை ஒரு துண்டு இட்லியைக்கூட வாய்வரைக்கும் கொண்டுபோகாது. அதனால் மகள் தி.நகரிலிருந்து ஒரு ஸ்ப்ரே பாலிஷ் வாங்கி வந்தாள். அடித்துவிட்டு, துணியால் லேசாக ஒரு இழுப்பு. இடது கையே போதும். அவர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாது இது, கொசு மருந்தா? தூக்கி அப்பால வை."

"உன் கை கீற லட்சணத்துக்கு இது போதும். அடம் புடிக்காத" என்றேன் நான்.

"நாளைக்கு எலுமிச்சம்பழத்து மேல நான்தான் வண்டிய ஏத்தப் போறேன். வேக்ஸ் போட முடியாத கை எப்டிமே வண்டி ஓட்டும்?"

விஷயம் அதுதான். பூஜை முடிந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அடியில் பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வருவது வழக்கம். மறுபடி வண்டி ஓட்டலாமா என்று எப்போது கேட்டாலும் டாக்டர் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். இவரோ தனக்குத் தானே நாள் குறித்துவிட்டார். நாளைக்கு ஓட்டினால் இனி சவாரி உண்டு. ஓட்ட முடியாவிட்டால் எல்லாம் முடிந்தது.

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவு ஒன்றை மதியம்வரை தேய்த்தார். காய்ந்து வெளுத்த வேக்ஸைத் துடைத்தெடுப்பதற்குள் சட்டை முழுக்க வேர்வை. "போதும்யா, என்னால பாக்க முடியல" என்று கத்திய பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மிச்ச வண்டிக்கு நான் ஸ்ப்ரே அடித்தேன். காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. நன்றாகத்தான் பளபளத்தது, அந்த நாசமாய்ப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்தால் நிற்கவே இல்லை. குங்குமத்தையும் இழுத்துக்கொண்டு வழுக்கி, நம்பர் பிளேட் வரைக்கும் வழிந்தது. எனக்குத் திக்கென்றது. பூஜைக்கு முதல் நாள் எவளாவது வழுக்குகிற மருந்தை அடிப்பாளா என்று என்னையே திட்டிக்கொண்டு, அழுத்தி அழுத்தி மறுபடியும் வைத்தேன்.

"உடுமே, சாமிக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

கற்பூரம் காட்டியதும் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இடது கால் கிளட்சை மிதித்தது, இடது கை கியரைப் போட்டது. வலது காலை அதே இடது கையால் தூக்கி ஆக்சிலேட்டர் மேல் வைத்தார். வைத்த கால் அப்படியே அழுந்திக்கொண்டது. இன்ஜின் அலறுகிறது, அவரால் காலை எடுக்க முடியவில்லை. எதிரில் கோலத்துக்கு அந்தப் பக்கம் சந்துக் குழந்தைகள் நின்றிருந்தார்கள். ஐயோ என்று ஓடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தேன்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர்தான் வந்து வண்டியை நியூட்ரலில் போட்டார்.

"நைனா, நீ ஸ்டீரிங்க மட்டும் புடி. நாங்க தள்றோம்."

பிடித்துக்கொண்டார். நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம். பழங்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது. யாரோ கைகூடத் தட்டினார்கள். அவர்களை அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கூட்டம் கலைந்த பிறகும் அவர் இறங்கவில்லை. நான் கதவைத் திறந்தேன். எழுந்திருக்காமல், அந்தக் கதவின் வெளிப்பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவினார்.

"இன்னும் அந்த ஸ்ப்ரே கீதா?"

"கீது. எதுக்கு?"

"இந்தக் கதவுக்கும் அடிச்சிடு. வண்டிய வாங்க வர்றவன் பாத்தா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்ல."