எட்டு நிமிஷமும் மூன்று மாதமும்

சூரிய வெளிச்சம் நம் கண்ணுக்கு வந்து சேர எட்டு நிமிஷம் பிடிக்கும் என்று எனக்குச் சொன்னவன், பழவேற்காட்டுக் கோட்டையில் கடிதங்களை நகலெடுத்துக்கொண்டிருந்த ஓர் ஒல்லாந்தன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். மத்தியானம் கொஞ்சம் சாராயம் உள்ளே போய்விட்டால் வானத்தைப் பற்றிப் பேசாமல் அவனால் இருக்க முடியாது. அவர்கள் மொழியில் வரும் உத்தரவுகளை நெசவாளிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. கேட்க வேறு ஆள் கிடைக்காததால் அவனுடைய வானத்தையும் நானே கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

வியாழனைச் சுற்றுகிற நிலாக்கள் மறையும் நேரத்தை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். வெளிச்சத்துக்கென்ன கால் வலிக்குமா, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வர, என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு நாழிகையை மூன்றாக வகுத்தால் வரும் ஒரு பங்கு நேரம் என்று எனக்குப் புரிகிற கணக்கில் சொன்னான். நாம் பார்ப்பது எட்டு நிமிஷத்துக்கு முந்தைய சூரியனை. இந்த நொடி அது அணைந்துபோனாலும் எட்டு நிமிஷம்வரை யாருக்கும் தெரியாது. வலை காயும், கருவாடு காயும், பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த எட்டு நிமிஷத்தில் யாருக்கும் துக்கம் கிடையாது என்றான். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

என் தங்கையின் புருஷன் ஏரியில் இறால் பிடிப்பவன். ஒல்லாந்தர்களின் சாவகத் துறைமுகமான பத்தாவியாவுக்குப் போகிற கப்பலில் அவனை மாலுமி வேலைக்கு ஏற்றிவிட்டது நான்தான். கோட்டையில் எனக்கிருந்த செல்வாக்கைக் குப்பத்துக்குக் காட்ட வேண்டாமா? போனவன் போனவன்தான். ஒரு புரட்டாசியில், கொழும்பைச் சுற்றிக்கொண்டு வந்த கப்பலில், செத்த மாலுமிகளின் பட்டியல் ஒன்று வந்தது. வானத்துக்காரன்தான் அதை வாசித்தான். என் மச்சான் பெயரை அவன் நாக்கு கடித்துத் துப்பியும் எனக்கு அடையாளம் தெரிந்தது. காய்ச்சலாம். செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் குப்பத்தில் ஏரியை முறை போட்டுத்தான் மீன்பிடிப்பார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவாகும். அதற்குப் பாடு என்று பெயர். ஊரில் இல்லாதவனின் பாட்டை அவன் வீட்டுக்காரர்கள் பிடிக்கலாம். செத்துப்போனால் அந்தப் பாடு ஊருக்குத் திரும்பிவிடும். மச்சானுக்கு விழுந்திருந்த பாடு ஐப்பசி, கார்த்திகை. மழையில் முகத்துவாரம் திறந்து இறால் அள்ளுகிற காலம். அதை எங்கள் நைனா பிடித்துத் தங்கையின் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போடுவதாக இருந்தது.

ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளின் வயிற்றுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி, அவள் முன்னால் போய் நிற்கப் பயம். பதினோரு மாதம் தெரியாமல் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஒல்லாந்தன் சொன்ன துக்கமில்லாத நேரத்தை என் கையால் நீட்டிக் கொடுக்கிறேனாம். அப்படியொரு தர்மப்பிரபு நான்.

மூன்று மாதம் தினமும் அவள் வீட்டில் சாப்பிட்டேன். இறால் தொக்கு வைப்பாள். பொட்டும் பூவுமாக எதிரே உட்கார்ந்து, "அவரு வந்தா உன்னாண்டதான் மொதல்ல சண்ட போடுவாரு, ஏத்திவுட்டவன் நீதானேன்னு" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்கழியில் பாடு முடிந்தது. இன்றுதான் சேதி வந்ததுபோலப் போய்ச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நைனா ஊர்த் தலைவரைக் கூட்டிவந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்ப செத்தான்?"

"போன வருஷம் ஐப்பசியில."

"அப்ப வருஷம் தாண்டிடுச்சே. வருஷத்துக்குள்ள தெரிஞ்சாத்தான் பதினாறு நாளு, மோளம், ஒப்பாரி எல்லாம். தாண்டிட்டா ஒண்ணும் கெடையாது. பொண்ணைத் தலைக்கு ஊத்திக்கச் சொல்லு, போதும்."

குப்பத்தின் வழக்கம் அது. எனக்குத் தெரிந்த வழக்கம்தான். என் கணக்கில் அது நினைவுக்கே வரவில்லை, அவ்வளவுதான். புரட்டாசியிலேயே சொல்லியிருந்தால் குப்பமே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கும். இப்போது இரண்டு பெண்கள் அவளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் நாலு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். பூவையும் தாலியையும் எடுத்தார்கள். அன்று சாயங்காலமே எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஈரத் தலையோடு என்னிடம் வந்து கேட்டாள்:

"கப்பலு பொரட்டாசியிலயே பூட்ச்சே. அதுக்கப்புறம் ஒண்ணும் வர்ல. உனுக்கு எப்ப தெரியும்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "அவரு செத்தது தெரியாம நான் பூ வெச்சிகினு சிரிச்சதையெல்லாம் எதுர்ல குந்திகினு பாத்துகினு இருந்தியா?" என்றாள். நான் பிள்ளைகளைப் பற்றி என்னவோ உளறினேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

ஒல்லாந்தன் ஒன்றைச் சொல்லவில்லை, அல்லது நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெளிச்சம் தாமதமாக வந்தாலும் தன்னால் முடிந்த வேகத்தில்தான் வருகிறது. நடுவில் யாரும் அதை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கப்பல் தாமதித்த பதினோரு மாதத்தை அவள் யாரிடமும் கேட்கவில்லை. அது கடலோடு போயிற்று. நான் தாமதித்த மூன்று மாதத்துக்குத்தான் அவளிடம் மன்னிப்பு இல்லை. எனக்கும் அதைக் கேட்கிற யோக்கியதை இல்லை.

நாலு வருஷம் கழித்து நைனா போனார். காலையில் வலையைத் தோளில் போட்டவர் அப்படியே சரிந்துவிட்டார். நான் மூச்சிரைக்கத் தங்கை வீட்டுக்கு ஓடினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நைனா பூட்டாரும்மா" என்றேன். அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எத்தினி நாளாச்சு?"

"இப்பதாம்மா. இந்த நிமிஷம்தான்."

விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நைனாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தங்கை வாய்விட்டு அழுதாள்.